சேன்ட் ஆன் கடற்கரையில் எட்டு நாள்: மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள்

என் இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் இன்னும் நிறம் மாறித்தான் இருக்கிறது. குவாதலூப் தீவில் சேன்ட் ஆன் என்ற கடற்கரை ஊருக்குக் கடந்த ஜூலையில் தனியாகப் போய்விட்டு வந்ததன் அடையாளம் அது. போவதற்கு முன்னால் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், நாலு விஷயம் சொல்லியிருந்தால் இரண்டு நாளும் நானூறு யூரோவும் மிச்சமாகியிருக்கும், வலியும் இருந்திருக்காது. எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தமிழில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

நான் கிள்ளைக்காரன். பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊர். ஆறு வருடமாகப் பாரிசில் வேலை. குவாதலூப் கரீபியன் கடலில் இருந்தாலும் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ, பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். பாரிசிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மணி நேரப் பயணம். என்னிடம் பிரான்சில் வசிக்கும் அட்டை இருந்ததால் விசா தொல்லை இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் வந்து, அப்படியே இந்தத் தீவுக்கும் தாவிவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: குவாதலூப் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. வெறும் ஷெங்கன் விசாவை நம்பி டிக்கெட் போடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த மாவட்டங்களுக்கும் போகிறேன் என்று சொல்லிக் கேட்டு, எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, இந்தத் தீவுக்கான விமானங்களில் பெரும்பாலானவை ஓர்லி விமான நிலையத்திலிருந்து கிளம்புபவை. சென்னையிலிருந்து வந்தால் நீங்கள் இறங்குவது சார்ல் து கோல். ஒன்று பாரிசுக்கு வடக்கே, மற்றது தெற்கே. நடுவில் நாலைந்து மணி நேரமாவது விட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அடி தீவில் இறங்கிய அரை மணி நேரத்திலேயே விழுந்தது. ஆறு நாளுக்குக் கார் வாடகை 186 யூரோ முன்பணமாகக் கட்டியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் 'டெபிட்' என்று அச்சாகியிருக்கிறது, வைப்புத்தொகையை இதில் பிடித்து வைக்க முடியாது, 'கிரெடிட்' என்று எழுதியிருக்கும் கார்டு வேண்டும் என்றாள். கணக்கில் பணம் இருக்கிறது, வேண்டுமானால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டாள். கட்டிய பணமும் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் கீழே சின்ன எழுத்தில் அது இருந்தது, நான் படிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானத்தில் முகம் சுட்டது. உங்கள் கார்டை இப்போதே எடுத்து முன்பக்கம் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். பிரான்சில் பல வங்கிகள் தரும் சாதாரண கார்டில் 'டெபிட்' என்றுதான் இருக்கும். 'கிரெடிட்' என்று அச்சிட்ட கார்டு வேண்டுமென்றால் வங்கியில் கேட்க வேண்டும், அதற்கும் சில நாள் ஆகும்.

டாக்சிக்கு 65 யூரோ கொடுத்துச் சேன்ட் ஆன் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. ஏழுக்கெல்லாம் கும்மிருட்டு. பாரிசில் ஜூலை மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அந்தப் பழக்கத்தில் போனவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. நம்மூர் மாதிரிதான், பொழுது சாய்ந்தால் சட்டென்று இருட்டிவிடும். அந்தத் தீவின் நாள் விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடிகிறது. கடைசிப் பேருந்தும் அந்தக் கணக்கில்தான்.

நான் தங்கியது ஒரு வயதான அம்மையாரின் வீட்டு மாடியறை. முதல் நாளே என்னைத் 'தூதூ' என்று கூப்பிட்டார். கிரியோலில் 'கண்ணு' என்பது மாதிரி. ஊர்க் கடற்கரை நிஜமாகவே அழகு. வெளியே பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி, கண்ணாடி மாதிரி கிடக்கிறது. மர வாளியில் ஐஸ் போட்டுக் கையால் சுற்றித் தேங்காய்ப்பால் சர்பத் விற்கும் பெண்கள், பூரி மாவு மாதிரி ஒன்றை எண்ணெயில் பொரித்துப் பிளந்து உள்ளே மீன் வைத்துத் தரும் 'பொக்கித்' கடைகள். எல்லாம் இருந்தது, கூட்டமும் இருந்தது. கூடவே ஒரு நாற்றம். சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் இந்தக் கரைகளில் மொத்தமாக வந்து ஒதுங்குகிறது. அழுகும்போது அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு வாயு வருகிறது. தலைவலி வரும், வெள்ளிச் சங்கிலி கறுத்துப் போகும். சேன்ட் ஆன் இருக்கும் தெற்குக் கரைக்கு இது அதிகம். தீவின் மேற்குப் பக்கக் கரைக்கு, அதாவது தெஷே, புய்யாந்த் பக்கம், பெரும்பாலும் வராது. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை போவதாக இருந்தால் இதை நினைவில் வைத்து அறை எடுங்கள்.

மறுநாள் ஞாயிறு. கூட்டமும் நாற்றமும் இல்லாத இடமாகப் பார்க்கலாம் என்று கிழக்கே புவா ஜோலான் கடற்கரைக்கு நடந்தேன். நீளமான, தென்னை நிறைந்த கரை. முழங்கால் ஆழத்திலேயே வெகுதூரம் நடந்து போகலாம். உள்ளூர்க் குடும்பங்கள் பெரிய பெரிய பாத்திரங்களில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்து மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கே நின்றிருக்க வேண்டும். இன்னும் ஆளில்லாத இடம் வேண்டும் என்று கரையோரமாகவே மேலும் நடந்து, ஒரு சின்ன வளைவுக்குள் போய்விட்டேன். ஒருவர்கூட இல்லை. ஒரு மணி நேரம் நீந்தினேன். இவ்வளவு நல்ல இடத்தில் ஏன் யாருமே இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை வந்தது. ஜூலை அங்கே மழைக்காலம். திடீரென்று பத்து நிமிடம் கொட்டிவிட்டு நின்றுவிடும். கைபேசி நனையக் கூடாது என்று கரையோரம் இருந்த ஒரு நல்ல அடர்த்தியான மரத்தடிக்கு ஓடினேன். பளபளப்பான பச்சை இலை, ஓரத்தில் மெல்லிய பல் வெட்டு, நடுவில் மஞ்சள் நரம்பு. கீழே மணலில் நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் கிடந்தன, பார்க்கச் சின்ன ஆப்பிள் மாதிரி, இனிப்பான வாசனை. எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டேன். கடிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடுகிறது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கை மேலும் கழுத்து மேலும் விழுந்துகொண்டிருந்தது. முகத்தில் விழுந்ததைக் கையால் துடைத்தேன், கண்ணையும் சேர்த்து.

மழை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரத்தில் முன்கை எரிய ஆரம்பித்தது. வெயில் என்று நினைத்தேன். அப்புறம் பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். கடல் நீரில் கழுவினேன், எரிச்சல் இன்னும் ஏறியது. கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தல். சாலைக்கு வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டுச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பி நிற்காதே. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் குறையத் தொடங்கும், ஞாயிறு ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எரியும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பாதி விஷத்தினால், பாதி பயத்தினால்.

அறைக்கு வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. இந்தத் தீவில் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது என்பது எனக்குத் தெரியாது. குவாதலூப் ஒரு பட்டாம்பூச்சி வடிவம். மேற்குச் சிறகான பாஸ் தேர் எரிமலை நிலம், மலையும் ஆறும் அருவியும் அங்கேதான். சேன்ட் ஆன் இருக்கும் கிழக்குச் சிறகான கிராந்த் தேர் சுண்ணாம்புப் பாறை நிலம். மேற்கிலிருந்து குழாயில் தண்ணீர் வர வேண்டும். பழைய குழாய்கள், வழியிலேயே பாதிக்கு மேல் கசிந்து போகிறது. அதனால் இன்று இந்தப் பக்கம், நாளை அந்தப் பக்கம் என்று அடைப்பார்கள். நான் வெற்றுக் குழாயின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் மாடிப்படியில் இறங்கி அம்மையாரைக் கூப்பிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எங்கே போனாய் என்று கேட்டார். மழையில் மரத்தடியில் நின்றேன் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "மான்சனீயே," என்றார். ஒரே சொல்தான், அந்த மரத்தின் பெயர். சமையலறைக்குள் போய் மூடி போட்ட நீல நிற வாளி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அடைப்பு நாளுக்காகப் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அது. முற்றத்தில் என்னைக் குந்தவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, சோப்புப் போட்டு, குவளை குவளையாக ஊற்றினார். கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லி, பக்கவாட்டில் மெதுவாக ஊற்றினார். துடைக்காதே, தேய்க்காதே என்று ஒவ்வொரு குவளைக்கும் சொன்னார். வாளி காலியாகும் வரை நிறுத்தவில்லை. அன்று ராத்திரி சமையலுக்கு அவரிடம் தண்ணீர் இல்லை என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிறு என்பதால் முறை வைத்து இருக்கும் மருத்துவரிடம் அவருடைய தங்கை மகன் காரில் கூட்டிப் போனார். பிரான்சின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கேயும் செல்லும், அதைக் கையோடு கொண்டு போங்கள். அவசரத்துக்கு எண் 15, பிரான்சில் இருப்பது போலவே. மருத்துவர் கண்ணுக்கு மருந்தும் கைக்குக் களிம்பும் கொடுத்து, காயைக் கடித்தாயா என்று மூன்று தடவை கேட்டார். கடித்திருந்தால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். அன்று இரவு கையில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. இரண்டு கண்ணும் வீங்கி, வெளிச்சம் பட்டாலே குத்தியது. திங்களும் செவ்வாயும் ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் கிடந்தேன். கண் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறதே, அதைத் தனியாகப் படுத்துக்கொண்டு அனுபவிப்பது ரொம்பக் கொடுமை. அம்மாவுக்குப் போன் செய்து, நன்றாக இருக்கிறேன், கடல் அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

இருட்டில் கிடந்தபோதுதான் எங்கள் தாத்தா நினைவுக்கு வந்தார். பிச்சாவரத்துக் காட்டில் படகு தள்ளும்போது தில்லை மரக் கிளையைத் தொடாதே, பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று சின்ன வயதில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த அதே மரம். கண் திறந்த பிறகு தேடிப் பார்த்தேன். தில்லையும் இந்த மான்சனீயேவும் ஒரே ஆமணக்குக் குடும்பம், கள்ளியும் அதே குடும்பம்தான். எல்லாவற்றுக்கும் பால் உண்டு. ஊரில் எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று தெரிந்து வளர்ந்த நான், இன்னொரு ஊருக்குப் போனதும் அங்கேயும் அப்படி ஒரு மரம் இருக்கலாம் என்று கேட்கவில்லை. அதுதான் என் தப்பு. மான்சனீயே மரங்களில் பலவற்றின் அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டால் பட்டை அடித்திருப்பார்கள், சில இடங்களில் பலகையும் இருக்கும். நான் நின்ற மரத்தில் பட்டை மங்கிப் போயிருந்ததை கண் தெளிந்த பிறகு ஒரு நாள் திரும்பப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். வெட்டிவிடலாமே என்றால், கடலோர மணலை அரிக்காமல் பிடித்து வைப்பதும் காற்றைத் தடுப்பதும் அந்த மரங்கள்தான், அதனால் விட்டு வைக்கிறார்கள். ஆகவே, இலை பளபளப்பாக, கீழே சின்ன ஆப்பிள் மாதிரிக் காய் கிடந்தால் அந்த மரத்தடியில் உட்காராதீர்கள், துணி காயப் போடாதீர்கள், மழைக்கு நிற்கவே நிற்காதீர்கள். அதன் விறகை எரித்தால் புகையும் கண்ணைப் பாதிக்கும். பக்கத்திலேயே வட்டமான பெரிய இலையோடு கடல் திராட்சை மரம் நிற்கும், அது ஒன்றும் செய்யாது. பட்டுவிட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும்தான், நிறைய, உடனே. அதற்காகவே இனி நான் கரீபியன் பக்கம் எங்கே போனாலும் அறைக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை, ஐந்து லிட்டர் தண்ணீர் வாங்கி வைப்பது.

புதன்கிழமை கண் ஓரளவு தெளிந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மையார்தான், உன் ஆட்கள் கோயில் மேற்குச் சிறகில் கப்பஸ்தேர் ஊரில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் போவாயா என்றார். சுற்றுலா வழிகாட்டிகள் சேன்ட் ஆன் பக்கத்தில் தங்குபவர்களுக்குப் படகுச் சவாரியும் ரம் சாராயமும்தான் சொல்கின்றன. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் கட்டோடு கிளம்பினேன். ஒரு சின்ன வழிக்குறிப்பு: சேன்ட் ஆன் பேருந்து புவாந்த் ஆ பித்ர் நகரத்தில் துறைமுகத்துப் பக்கம் இறக்கிவிடும். மேற்குச் சிறகுக்குப் போகும் பேருந்துகள் அங்கே வராது, பெர்ஜவான் என்ற வேறு நிலையத்திலிருந்து கிளம்பும். நடுவில் நடக்க வேண்டும். காலையில் அந்த நகரத்தைச் சுற்றி நெரிசல் கடுமை, எனக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆனது. எங்கே ஏறினாலும், யாரிடம் எது கேட்டாலும், முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு, பதில் வராது. சொன்னால் பேருந்தே சேர்ந்து உங்களுக்கு வழி சொல்லும்.

வாழைத்தோட்டங்கள் தொடங்கின. குலை ஒவ்வொன்றுக்கும் நீலப் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் இந்த மண்ணில் 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைக் கொட்டியிருக்கிறார்கள், இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை. அந்தப் பக்கத்து ஆற்று மீனும் இறாலும் யாராவது விற்றால் வாங்காதீர்கள். கப்பஸ்தேரில் ஷான்ஜி என்ற இடத்தில் இறங்கியதும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கோயில். நீலமும் மஞ்சளும் சிவப்புமாகச் சுதைச் சிற்பங்கள். கடலூர் மாவட்டத்தில் எந்த ஊர்ச் சாலையோரத்திலும் பார்க்கக்கூடிய மாரியம்மன் கோயில், எதிரே வாழைத்தோட்டம், அதற்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக் கடல். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கதவு சாத்தியிருந்தது. விசேஷம் இல்லாத நாளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம். சனி, ஞாயிறுகளில் யாராவது நேர்த்திக்கடன் பூஜை வைத்தால் திறந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் துடைப்பத்தோடு ஒரு முதியவர் வந்தார். எங்கள் ஊர்க் கிழவனார் முகம். நான் தமிழில் வணக்கம் சொன்னேன், அவருக்குத் தமிழ் தெரியவில்லை. பிரெஞ்சில் என் ஊரைச் சொன்னேன், பாண்டிச்சேரிக்கும் காரைக்காலுக்கும் நடுவில் என்றேன். காரைக்கால் என்ற சொல்லைக் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நம்மவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைப் புவாந்த் ஆ பித்ரில் இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் நிறைய, பிறகு கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். பேச்சு மொழியாகத் தமிழ் போய்விட்டது. ஆனால் பூஜைப் பாட்டு போகவில்லை. அந்த முதியவர் எனக்காக ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார், பொருள் தெரியாமல், அப்பாவிடம் காதால் கேட்டுக் கற்றதை. ராகம் பிடிபட்டது. சொற்கள் பிரெஞ்சு நாக்கில் தேய்ந்து போயிருந்தன. 'அம்மா', 'தாயே', 'வேப்பிலை' என்று மூன்று சொல் எனக்குக் கேட்டது. வேப்பிலை என்றால் என்ன என்று நான் சொன்னேன். அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பூசாரியை அவர்கள் 'பூசலி' என்கிறார்கள், மாரியம்மன் 'மாயேமின்', மதுரை வீரன் 'மல்தெவிலின்'. நீங்கள் போனால் அதை வேடிக்கைப் பொருளாகப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் சாமி கும்பிடும் இடம், கிடாவெட்டும் உண்டு. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பேச உங்களுக்கு நேரம் இருக்கட்டும். நான் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு மணி நேரத்தில் கிளம்பினேன், அதற்கு இன்னும் வருந்துகிறேன்.

கிளம்பும்போது அவர் ஒரு பெயரைச் சொன்னார்: ஆன்ரி சிதம்பரோம். கப்பஸ்தேரில் 1863-இல் பிறந்தவர். இந்த மண்ணில் பிறந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கிடையாது என்றபோது 1904-இல் வழக்கில் இறங்கியவர். பத்தொன்பது வருடம் விடாமல் நின்று 1923-இல் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கச் செய்தவர். சிதம்பரோம் என்பது சிதம்பரம்தான். பேருந்தில் உட்கார்ந்து கையில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தில்லை ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு இங்கே வந்து இறங்கிய யாரோ ஒருவரும், முதல் மழையில் இந்தக் கடற்கரை மரத்தடியில் ஒதுங்கியிருப்பாரோ என்று தோன்றியது. அவருக்குச் சொல்ல யார் இருந்திருப்பார்கள்?

மிச்ச நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாழக்கிழமை மோர்ன் ஆ லோ என்ற ஊருக்குப் போனேன். அங்கே ஒரு மேட்டுச் சரிவு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை ஓடு பதித்த கல்லறைகள், சின்னச் சின்ன வீடுகள் போல. அங்கிருந்து பெத்தி கனால் ஊரில் துறையிலிருந்து தேவாலயத்துக்கு ஏறும் கல்படிகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட இனங்களின் பெயர்களை அந்தப் படியோரம் பொறித்திருக்கிறார்கள். நான் போனபோது வேறு யாரும் இல்லை. சேன்ட் ஆனிலிருந்து இரண்டும் பக்கம்தான், ஆனால் பேருந்தில் சுற்றிக்கொண்டு போக வேண்டும், ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். த்ருவா ரிவியேரில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்த மக்கள் பாறையில் செதுக்கிய முகங்கள் இருக்கின்றன, நேரம் போதாமல் அதை விட்டுவிட்டேன். அதற்குப் பக்கத்தில் தோலே என்ற இடத்தில் எரிமலைச் சூட்டில் வெதுவெதுப்பான ஊற்றுக் குளங்கள் உண்டு. போகிறவர்கள் தலையை முக்கக் கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது. வெந்நீரில் வாழும் ஒரு அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும், தீவில் அதனால் சாவும் நடந்திருக்கிறது. எச்சரிக்கைப் பலகை பிரெஞ்சில் இருக்கும்.

சனிக்கிழமை அம்மையாரின் தங்கை மகன் என்னைச் சேன்ட் ஆனுக்குப் பின்னால் இருக்கும் கிராந் ஃபோன் பகுதிக்குக் கூட்டிப் போனார். கடற்கரையிலிருந்து கால் மணி நேரம்தான், ஆனால் வேறு உலகம். உருண்டை உருண்டையான பச்சைக் குன்றுகள், நடுவே குறுகிய பள்ளத்தாக்கு, ஒரு வளைவுக்கு ஒரு வீடு. அன்று அங்கே மாட்டுப் பந்தயம். நம்மூர் ரேக்ளா மாதிரி வேகப் பந்தயம் இல்லை. சுமை ஏற்றிய வண்டியை ஒரு ஜோடி எருது மேட்டில் இழுத்து ஏற்ற வேண்டும். கரும்பு வண்டி ஓட்டிய காலத்திலிருந்து வருவது, மழைக்கால வார இறுதிகளில் ஊர் ஊராக நடக்கும். வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. ஓட்டுகிறவர் எருதின் காதோரம் குனிந்து எதையோ பேசினார். முன்னங்கால் இரண்டும் மண்ணில் புதைந்து, திமில் நடுங்கி, ஒரு அடி நகர்ந்தது, பிறகு இன்னொரு அடி. சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் கத்தியது, நானும் கத்தினேன். அன்று இரவு அம்மையார் ஆட்டுக்கறியில் 'கொலொம்போ' செய்து போட்டார். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் சேர்ந்த பொடி, காரம் மட்டும் குறைவு. குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆனது என்று சொல்கிறவர்கள் உண்டு. சாப்பிட்ட எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

கணக்குப் பார்த்தால் கார் 186, விமான நிலைய டாக்சி 65, இன்னொரு நாள் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டுப் பிடித்த டாக்சி 80, மருத்துவரும் மருந்தும் 70 சொச்சம். மருத்துவச் செலவில் ஒரு பகுதி மட்டும் காப்பீட்டில் திரும்பி வந்தது. இரண்டு நாள் இருட்டறையில் போனது. கிளம்பும் அன்று அம்மையாருக்குப் பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் ஆறு கட்டு வாங்கி வந்து சமையலறையில் அடுக்கினேன். நீல வாளியையும், அன்று காலையில் குழாயில் தண்ணீர் வந்தபோது நிரப்பி மூடி வைத்தேன்.

அடுத்த பிப்ரவரிக்கு அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறேன். அங்கே அது வறண்ட பருவம், மழை குறைவு, பாசியும் குறைவு. வங்கியில் 'கிரெடிட்' என்று அச்சிட்ட கார்டு எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டேன். அம்மாவின் விசா விண்ணப்பத்தில் குவாதலூப் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். ஷான்ஜி கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒதுக்கியிருக்கிறேன். அம்மாவுக்கு மாரியம்மன் பாட்டு நிறையத் தெரியும்.